விக்கலும் பெயர் பொறித்த கதவும்

"ஊரார் வீட்டுப் பூட்டையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுத் திறக்கிறீங்க. பெத்த பொண்ணு கதவைத் திறக்கத் துப்பில்லையா?"

"எத்தனை தடவைடி சொல்றது? அது பூட்டு இல்ல, தாழ்ப்பாள். உள்பக்கத் தாழ்ப்பாளுக்கு நான் எங்கேர்ந்து சாவி போடுறது?"

"அப்போ உடைங்க!"

"உடைச்சுட்டா நாளைக்கு அவ எதைப் போட்டுக்கிட்டு உட்காருவா?"

சாவிக்காரர் வீட்டுச் சண்டை இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. மாடி வீட்டு அம்மாள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து வெகு நேரம் ஆகியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவர் வாசலில் பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்ற கொள்கை நம் தெருவில் எல்லோருக்கும் உண்டு. காதை நுழைப்பது தலையிடுவதில் சேராது.

விஷயம் இதுதான். சாவிக்காரரின் ஒரே பெண் பள்ளிப் பேச்சுப் போட்டியில் 'தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்போம்' என்ற தலைப்பில் பேசினாள். நன்றாகத்தான் ஆரம்பித்தாள். "ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட" என்ற இடத்தில் விக்கல் வந்தது. தண்ணீர் குடித்தாள். மறுபடி "ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட" என்றாள், மறுபடி விக்கல், மறுபடி தண்ணீர். தன் பாட்டில் காலியானதும் நடுவரின் பாட்டில், அதுவும் காலியானதும் மேசைமேல் இருந்த பூச்சாடியை ஒரு கணம் பார்த்தாள். குடிக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையோடு ஒரு பையன் தான் எடுத்த வீடியோவை முடித்து, விக்கலுக்கு விக்கல் மேளம் சேர்த்து, வகுப்புக் குழுவில் போட்டுவிட்டான்.

அன்றிலிருந்து அவள் பெயர் 'விக்கல் ராணி'. வகுப்பில் யாராவது பாட்டில் மூடியைத் திறந்தால் பின்வரிசையில் சிரிப்பு. போனைத் திறந்தால் அவளே அவளைப் பார்த்து விக்கினாள். முதலில் மற்றவர்கள் முன்னால் சாப்பிடுவதை விட்டாள். பிறகு விக்கல் வந்துவிடுமோ என்ற பயத்தில் பேசுவதை விட்டாள். தெருவில் யார் எதற்குச் சிரித்தாலும் தனக்குத்தான் என்று நினைத்தாள். கடைசியில் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். தட்டு உள்ளே போகும், பாதி காலியாகி வெளியே வரும். தேவையானதைக் காகிதத் துண்டில் எழுதிக் கதவுக்கடியில் தள்ளுவாள். கடைசித் துண்டில் எழுதியிருந்தது: 'இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன். கேட்காதீங்க.'

சாவிக்காரருக்கு உலகத்தில் ஒரே ஆசைதான் மிச்சமிருந்தது. பெண் மறுபடி வாயைத் திறந்து ஏதாவது பேச வேண்டும். திட்டினாலும் சரி.

"போய் ஸ்கூல்ல கேளுங்க," என்றாள் மனைவி. அவள் தையல்காரி, கோபம் வந்தால் குண்டூசிகளை உதட்டில் வைத்துக்கொண்டே பேசுவாள், கேட்கிறவருக்குப் பயமாக இருக்கும். "அங்கே இதுக்குன்னே ஒரு குழு இருக்காம்ல?"

இருந்தது. 'இணைய மரியாதைக் காப்புக் குழு' என்று தலைமை ஆசிரியையின் அறை வாசலில் பலகையே இருந்தது. தலைமை மேடம்தான் தலைவர். மனநல ஆலோசகர், கணினி ஆசிரியர், விளையாட்டு ஆசிரியர் மூவரும் உறுப்பினர்கள். விளையாட்டு ஆசிரியரை எதற்குச் சேர்த்தார்கள் என்று அவருக்கே தெரியாது. நாற்காலி தூக்க ஆள் வேண்டும் என்பது நம் ஊகம்.

சாவிக்காரர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி முடித்தபோது தலைமை மேடம் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப நன்றிங்க. இந்தக் குழுவை ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு பாதிப்புகூட வரலை. எங்களுக்கு எவ்வளவு அவமானமா இருந்துச்சு தெரியுமா? பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க. நமக்குத் தானா வந்திருக்கு."

"மேடம், அந்த வீடியோவை எடுத்துட்டா போதும்."

"எடுக்கலாம், எடுக்கலாம். முதல்ல ஆதாரத்தைப் பார்க்கணும் இல்லையா?"

ஆதாரத்தைப் பார்த்தார்கள். கணினி ஆசிரியர் அதைப் பெரிய திரையில் போட்டார். விளையாட்டு ஆசிரியர் தாமதமாக வந்ததால் மறுபடி போட்டார்கள். ஆலோசகருக்குப் பூச்சாடிக் கட்டம் சரியாகத் தெரியவில்லை என்பதால் அதை மட்டும் இன்னொரு தடவை. சிரிப்பு வந்தால் சிரிக்கக் கூடாது என்பது குழுவின் விதி. அதனால் நால்வரும் இருமினார்கள். சாவிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒவ்வொரு கூட்டமும் ஆதாரத்தோடதான் ஆரம்பிக்கும்," என்று கணினி ஆசிரியர் விளக்கினார். "மங்கலா இருக்கு. நான் கொஞ்சம் தெளிவு பண்ணி, கீழே எழுத்தும் போட்டுடறேன்."

அடுத்த கூட்டத்தில் வீடியோ பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் கீழே 'விக்' என்று மஞ்சள் எழுத்து ஓடியது.

பெண்ணின் மனநிலையை அளக்க ஆலோசகர் வீட்டுக்கே வந்தார். எந்நேரமும் புன்னகை மாறாத மனிதர். அதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்ததாகச் சொல்வார். மூடிய கதவுக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கதவைப் பார்த்துக் கேட்டார்.

"கண்ணா, உன் வருத்தம் ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு?"

உள்ளே சத்தமில்லை.

"பயம்?"

சத்தமில்லை.

"யாரோடவும் பேசப் பிடிக்காத மாதிரி இருக்கா?"

மகா அமைதி. ஆலோசகர் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுக்கொண்டு எழுந்தார். "நல்ல சேதி. குழந்தைக்குப் பாதிப்பே இல்லை."

"சார், அவ பேசுறதே இல்ல. அதுதான் பாதிப்பு!" என்றார் சாவிக்காரர்.

"பாதிக்கப்பட்டவங்க மனசைத் திறந்து பேசிடுவாங்க. பேசாம இருக்கான்னா உள்ளுக்குள்ள நிம்மதியா இருக்கான்னு அர்த்தம். நீங்க வேணா ஒண்ணு பண்ணுங்க, அவளோட சேர்ந்து நீங்களும் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரிங்க. சிரிச்சா போயிடும்."

தையல்காரி உதட்டிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தாள். ஆலோசகர் புன்னகை மாறாமல் வேகமாகப் படியிறங்கினார்.

இங்கே அந்தப் பள்ளியின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பள்ளிக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. அதில் எது போட்டாலும் ஆசிரியர்கள், அலுவலகத்தார், ஆயா, காவலாளி எல்லோரும் உடனே கட்டைவிரல் போட வேண்டும். போடாதவர்களைத் தலைமை மேடம் மறுநாள் கூப்பிட்டு, "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். பள்ளித் தோட்டக்காரர் இறந்த செய்திக்கு எல்லோரும் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். அவருடைய போனிலிருந்தும் ஒன்று வந்திருந்தது, மகன் போட்டானாம்.

குழு வெகுவாக யோசித்து, அந்த வீடியோவைப் பள்ளியின் பக்கத்திலேயே போட்டது. மேலே 'இப்படிச் செய்யலாமா?' என்று தலைப்பு. பெண்ணின் முகத்தை மறைத்திருந்தார்கள். பெயரும் வகுப்பும் மட்டும், அனுதாபம் தெரிவிக்க வசதியாக, கீழே இருந்தன.

கட்டைவிரல்கள் குவிந்தன. பெற்றோர்கள் பார்த்தார்கள், பெற்றோர்களின் அலுவலகங்கள் பார்த்தன. வகுப்போடு நின்றிருந்த விக்கல், குழு தலையிட்ட பிறகு, பேருந்து நிலையம்வரை போயிற்று. சாவிக்காரர் கடைக்குச் சாவி வெட்ட வந்த ஒருவர் போனில் மணியே அந்த விக்கல்தான். அந்த ஆளின் சாவியை மட்டும் அவர் சரியாக வெட்டவில்லை. தொழிலில் அவர் தெரிந்து செய்த தப்பு அது ஒன்றுதான் என்பார்கள்.

அவர் பள்ளிக்கு ஓடினார். தலைமை மேடம் ஆனந்தத்தில் இருந்தார்.

"நம்ம பக்கத்துல இதுவரைக்கும் இவ்வளவு பேர் பார்த்ததே கிடையாது! மேலிடத்துலேர்ந்து இணைய நல அதிகாரியே விழிப்புணர்வு விழாவுக்கு வர்றார். வீடியோ போட்ட பையன்கூட நம்ம பையன்தான்னு கண்டுபிடிச்சுட்டோம். நம்ம பள்ளியோட இணைய ஒழுக்கத் தலைவன்."

"என்னது?"

"அவன்தான் நம்ம பக்கத்தையே நடத்துறான். இந்த விஷயத்துல அனுபவம் உள்ள பையன் வேற யார் இருக்கா? விழாவுல உறுதிமொழியும் அவன்தான் வாசிக்கப் போறான்."

சாவிக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். பெண்ணுக்கு எங்கிருந்து அந்தப் பழக்கம் வந்தது என்று அப்போது புரிந்தது.

"ஆமா, நீங்க பூட்டுக்காரர்தானே?" என்றார் மேடம் திடீரென்று. "போன விழாவுல சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பிச்சதும் பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்க. இந்தத் தடவை அரங்கத்துக்குப் புதுசா இரும்புக் கதவு போட்டிருக்கேன், என் பேரைப் பொறிச்சு. அதுக்கு ஒரு பூட்டு வேணும். உள்ளேயிருந்து திறக்கவே வரக் கூடாது."

"உள்ளே இருக்கிறவங்களுக்கு ஏதாவது அவசரம்னா மேடம்?"

"விழிப்புணர்வைவிட என்னங்க அவசரம்?"

இந்த வேலையைச் செய்துகொடுத்தால் வீடியோவை எடுக்கும் வேலையைச் செய்துகொடுப்பார்கள் என்று நினைத்தார் பாவம். அருமையான பூட்டாக ஒன்று மாட்டிவிட்டு வந்தார்.

விழா நாளில் புருஷனும் பெண்டாட்டியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். 'பாதிக்கப்பட்ட குடும்பத்தினர்' என்று எழுதிய அட்டையை ஆளுக்கொன்று கழுத்தில் மாட்டியிருந்தார்கள். பைகளுக்கு அனுமதி இல்லை என்பதால் சாவிக்காரரின் கருவிப்பை வீட்டில் இருந்தது. மேடையில் தலைமை மேடம், புன்னகை ஆலோசகர், கணினி ஆசிரியர், அதிகாரி, ஒழுக்கத் தலைவன். அதிகாரிக்கு மரியாதை நிமித்தம் தேநீர்மேல் தேநீராகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். விளையாட்டு ஆசிரியர் வெளியே நின்று கதவைப் பூட்டினார்.

"நம் பள்ளியில் கேலி என்பதே கிடையாது," என்று ஆரம்பித்தார் தலைமை மேடம். "கேலியே இல்லாத இடத்தில் கேலியை ஒழிப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குறையை இந்த மாணவி தீர்த்து வைத்தாள். அவள் தொடர்ந்து பாதிக்கப்பட நாங்கள் எல்லா உதவியும் செய்வோம்!"

கைதட்டல். ஆதாரம் திரையிடப்பட்டது. அரங்கமே இருமியது. அதன்பின் அதிகாரி எழுந்து, இணையத்தின் வரலாற்றைத் தபால் புறாவிலிருந்து தொடங்கினார். புறா கம்பியாகி, கம்பி கணினியாகும்போது அவர் நின்ற விதம் மாறியது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். பேச்சைச் சட்டென்று முடித்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். ஏறக்குறைய ஓடினார்.

கதவு திறக்கவில்லை. தட்டினார். வெளியே விளையாட்டு ஆசிரியர் சாவியைப் போட்டுத் திருப்பினார். அவர் எதையும் மெதுவாகச் செய்து பழக்கமில்லாதவர். சாவி பாதி பூட்டுக்குள், பாதி அவர் கையில்.

"மேடம், உடைஞ்சுடுச்சு!" என்று வெளியிலிருந்து அழாக்குறையாகக் கத்தினார்.

"கதவை இடிங்க!" என்றார் அதிகாரி.

"ஐயோ, என் பேர்!" என்று தலைமை மேடம் கதவின் குறுக்கே நின்றார். ஜன்னலெல்லாம் கம்பி. எல்லோரும் சாவிக்காரரைப் பார்த்தார்கள். அவர் மனைவியின் கொண்டை ஊசியை வாங்கிப் போய்ப் பார்த்தார். உள்பக்கம் துவாரமே இல்லை. அப்படித்தானே கேட்டிருந்தார்கள்.

"இதை வெளியேர்ந்துதான் எடுக்க முடியும். முறிஞ்ச சாவியை இழுக்க மெல்லிசா ஒரு கொக்கி வேணும். என் பையில இருக்கு, பை வீட்டில இருக்கு."

"வீட்டில யார் இருக்கா?"

சாவிக்காரர் போனை எடுத்தார். சின்ன வயதிலிருந்து பள்ளி விட்டதும் கடைக்கு வந்து உட்கார்ந்து முறிந்த சாவிகளை இழுத்து விளையாடிய பெண் அவள். ஆனால் அந்தப் பெண் போனைத் தொட்டு எத்தனையோ நாளாகிறது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுக்கப்பட்டது. யாரும் பேசவில்லை.

"பாப்பா," என்றார். "அப்பா மாட்டிக்கிட்டேன்டா. நான் போட்ட பூட்டுலயே. கொக்கிப் பையைக் கொண்டு வர்றியா? வர முடியலைன்னா பரவாயில்லை. நான் இங்கேயே இருந்துக்கறேன்."

மறுமுனையில் ஒரே ஒரு விக்கல் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

அவள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பையை மார்போடு அணைத்து, சுவரோரமாகவே நடந்து போனதை நம் தெரு பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் பெருக்குவதைக்கூட நிறுத்திவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. நம் தெருவுக்கு அவ்வளவு நாகரிகம் உண்டு என்று அன்றுதான் நமக்கே தெரிந்தது.

அரங்கத்தில் புழுக்கம். கதவுக்கடியில் ஒரு நிழல் வந்து நின்றது. "வந்துட்டா, வந்துட்டா!" என்று வெளியே விளையாட்டு ஆசிரியர் கத்தினார். அவள் என்ன செய்யச் சொல்கிறாள் என்று கேட்பதற்காக ஒழுக்கத் தலைவன் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கதவு இடுக்கில் வைத்தான்.

"விக்," என்றது அரங்கத்தின் எல்லா ஒலிபெருக்கிகளும்.

ஒருவரும் இருமவில்லை.

"அப்பா, உள்ளே இருக்கியா?" கரகரத்த குரல். வெகுநாள் திறக்காத கதவுக் கீல்போல இருந்தது. தையல்காரி புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சாவிக்காரர் தலையை ஆட்டினார், கதவைப் பார்த்து.

"இருக்கார்மா, இருக்கார்!" என்றார் அதிகாரி. "சீக்கிரம் திற, தங்கம்!"

"திறக்கறேன். முதல்ல அந்த வீடியோவை எடுங்க."

தலைமை மேடம் குனிந்து, இடுக்கைப் பார்த்து அன்பாகச் சொன்னார். "கண்ணு, அதுக்குக் குழு கூடித் தீர்மானம் போடணும்."

"கூடித்தானே இருக்கீங்க? விக். எங்கே போகப் போறீங்க?"

"விளையாட்டு ஆசிரியர் வெளியே இருக்கார். ஒரு உறுப்பினர் குறையுது."

"நான் ஒத்துக்கறேன்!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"தீர்மானம் நிறைவேறியது!" என்று கத்தினார் அதிகாரி, கால்களைப் பின்னிக்கொண்டு. "என் அதிகாரத்தை வச்சுச் சொல்றேன், நிறைவேறியது, எடுங்கய்யா!"

கணினி ஆசிரியர் நெற்றியைத் துடைத்தார். "எடுக்கணும்னா பக்கத்தோட கடவுச்சொல் வேணும். அது என்கிட்ட இல்லை. தலைவன்கிட்டதான் இருக்கு."

எல்லோரும் ஒழுக்கத் தலைவன் பக்கம் திரும்பினார்கள். உறுதிமொழி வாசிக்க வந்திருந்த பையன் இடுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டான்.

"நீதான் போட்டியா?" என்றது கதவு.

"ஆமா."

"ஏன்?"

"எல்லாரும் சிரிச்சாங்க," என்றான் மெதுவாக. "அப்புறம் இன்னும் கேட்டாங்க. எனக்கு நிறுத்தத் தெரியலை."

"எனக்கும்தான் நிறுத்தத் தெரியலை. விக். அதுக்காக உன்னை அறைக்குள்ள போட்டுப் பூட்டினேனா?"

"இப்போ பூட்டித்தானே வச்சிருக்கே," என்று முனகினான் பையன்.

வெளியே ஒரு சிரிப்பு. சின்னதுதான். மூக்கு வழியாக வந்து, ஒரு விக்கலில் இடறி, மறுபடி எழுந்த சிரிப்பு. ஒலிபெருக்கியில் கேட்டபோது சாவிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பையன் போனை எடுத்து நீக்கினான். பக்கத்தில் போட்டதை, வகுப்புக் குழுவில் போட்டதை, மேளம் சேர்த்ததை, மஞ்சள் எழுத்து ஓடியதை, எல்லாவற்றையும். அங்கே இருந்த ஒவ்வொருவரையும் அவரவர் போனைத் திறந்து நீக்கச் சொன்னாள் வெளியே இருந்த பெண். தையல்காரி வரிசை வரிசையாகப் போய்ச் சரிபார்த்தாள். மேடத்தின் போனில் அது தனியாக 'சாதனைகள்' என்ற பெயரில் இருந்தது, அதுவும் போயிற்று. 'வீடியோ நீக்கப்பட்டது' என்று பக்கத்தில் அறிவிப்பு வந்ததும், பழக்க தோஷம், எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள்.

பேருந்து நிலையத்துப் போன்களில் இருப்பதை யார் நீக்குவது? அது அவளுக்கும் தெரியும். "அது இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். கொக்கி பூட்டுக்குள் நுழையும் சத்தம் கேட்டது. முறிந்த சாவியை இழுக்க அவளுக்கு இரண்டு விக்கல் நேரம்கூட ஆகவில்லை.

கதவு திறந்ததும் முதலில் வெளியேறியது அதிகாரி. நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை.

"அப்பா," என்றாள் பெண், உள்ளே எட்டிப் பார்த்து. "இவ்வளவு மட்டமான சாவியையா கொடுத்தே? மானத்தை வாங்கறியே."

சாவிக்காரர் எவ்வளவோ நாளாக எதிர்பார்த்திருந்த திட்டு. வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவள் பள்ளிக்குப் போனாள். விக்கல் ராணி என்று கூப்பிட்டவர்களும் இருந்தார்கள். சில நாள் தாங்கினாள், சில நாள் அழுதுகொண்டு வந்தாள், தாழ்ப்பாளும் சில சாயங்காலம் விழுந்தது. ஆனால் காலையில் தானே திறந்துகொண்டது. குழுவின் ஆண்டறிக்கையில், 'எமது விழிப்புணர்வு விழாவின் பயனாக மாணவி அறையைவிட்டு வெளியே வந்தார்' என்று இருந்தது. பொய் என்று சொல்ல முடியாது.

தலைமை மேடம் பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டார். கதவைக் கழற்றிக் கூடவே எடுத்துப்போனதாகப் பேச்சு. புன்னகை ஆலோசகர் ஒரு பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டு அந்தப் புன்னகைக்கு ஒரு காரணம் தேடிக்கொண்டார். ஒழுக்கத் தலைவன் குடும்பம் மாற்றலாகிப் போனது. போகும் முன் அவன் சாவிக்காரர் கடைக்கு வந்து, தேவையே இல்லாத ஒரு சாவி வெட்டிக்கொண்டு, ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனான்.

பெண் வெளியூரில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, கூட வேலை செய்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்தில் உறுதிமொழி சொல்லும்போது சரியாக முக்கியமான இடத்தில் விக்கல் வந்தது. மாப்பிள்ளை பாட்டிலை நீட்டினார், காத்திருந்தார், மறுபடி நீட்டினார். மண்டபமே சிரித்தது, எல்லோரையும்விட அவள் அதிகம் சிரித்தாள். ஒருவர்கூடப் படமெடுக்கவில்லை. எடுக்க முடியாது. வந்தவர்களின் போனையெல்லாம் வாசலிலேயே வாங்கி ஓர் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தார் சாவிக்காரர்.

சாப்பாடு முடிந்து பெண்ணோடு எல்லோரும் வெளியூருக்குக் கிளம்பும்போது பெட்டிச் சாவியைக் காணவில்லை. மாப்பிள்ளையின் அத்தை சத்தம்போட்டார். சாவிக்காரர் ஒவ்வொரு பையாகத் தடவிப் பார்த்தார். மிகவும் நிதானமாகத் தடவிப் பார்த்தார்.